கேசாங் வீட்டு விருந்தாளிகள்

கேசாங் பிசைந்து வைத்துவிட்டுப் போன மாவை யாங்ஜி தன் அடுப்பில் ரொட்டியாகப் பொரித்துக்கொண்டிருந்தாள். கேசாங்கின் முன்வீட்டில் லாமா வந்து சாவுச் சடங்கு முடிக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் யாங்ஜியின் கணவன் தெண்டுப் அந்தப் பெரிய பாத்திரத்தை ஈரத்துணியோடு அப்படியே தூக்கிவந்து அவள் முன்னால் வைத்திருந்தான். அண்ணி வீட்டு விருந்தாளிகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று மட்டும் சொன்னான். அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பெற்ற தாய் செத்தபோதுகூட அவன் இப்படி அழுது யாங்ஜி பார்த்ததில்லை. விறகை உள்ளே தள்ளும்போது அந்த நினைப்புதான் அவளுக்கு முதலில் வந்தது.

கேசாங் அவளுடைய ஓரகத்தி. தெண்டுப்பின் அண்ணன் உர்கேனின் மனைவி. அன்று காலை வழக்கம்போல மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். உர்கேன் தண்ணீர் மொண்டு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாள். ஐம்பதுகூட ஆகவில்லை. படுக்கையில் கிடக்கவில்லை, யார் கையாலும் கஞ்சி வாங்கிக் குடிக்கவில்லை. சாவையும் அவள் லேசாக வாங்கிக்கொண்டாள் என்று யாங்ஜிக்குத் தோன்றியது.

தெண்டுப் வெளியே போனதும் அவள் பச்சை மாவில் ஒரு விள்ளல் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கேசாங்கின் ரொட்டியைப் பற்றி மலையடிவாரத்து ஜீப் டிரைவர்கள்கூடப் பேசுவார்கள். அதில் என்ன போடுகிறாள் என்று யாங்ஜி இருபது வருஷமாகக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள் என்பதாலேயே கேட்கவில்லை. உப்பு, கொஞ்சம் சர்க்கரை, தயிரின் லேசான புளிப்பு. அவ்வளவுதான். யாங்ஜியின் மாவும் இப்படித்தான் இருக்கும். அவள் இன்னொரு விள்ளல் எடுத்து மென்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஏமாற்றப்பட்டதுபோல அவளுக்குக் கோபம் வந்தது.

அந்த முகட்டில் அவர்களுடையது இரண்டு வீடுகள். மாமனார் நிலத்தைப் பிரித்தபோது முகட்டின் விளிம்பை ஒட்டிய முன்பக்கம் மூத்தவனுக்கும் பின்பக்கம் இளையவனுக்கும் வந்தது. அப்போது அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. முன்வீடு அன்றைக்கு ஒற்றைத் தளம்தான். யாங்ஜியின் முற்றத்தில் நின்றால் அதன் தகரக் கூரைக்கு மேலே பனிமலை முழுசாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவளும் மலை நடைக்கு வருகிறவர்கள் தங்க நாலு அறை கட்டி, சிவப்பு எழுத்தில் 'சன்ரைஸ் லாட்ஜ்' என்று பலகை எழுதி மாட்டினாள். இரண்டாவது சீசன் முடிந்ததும் உர்கேன் மாடி எழுப்பினான், கூடவே புதிதாகச் சமையலறையும் கட்டினான். மலை போய்விட்டது. அன்றிலிருந்து யாங்ஜியின் விருந்தாளிகள் காலையில் கதவைத் திறந்தால் நீலத் தகரமும் கரி பிடித்த ஒரு ஜன்னலும் ஒரு சாக்கடைக் குழாயும்தான் தெரியும். பலகையைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. கேசாங்கும் ஒருமுறை சிரித்தாள். சிரித்துவிட்டு, "வாடி, எங்க மாடியிலேர்ந்து பாரு, அது உன் வீடு மாதிரிதானே" என்று கூப்பிட்டாள். யாங்ஜி போகவில்லை. அந்தப் புதுச் சமையலறைக்குள் அவள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

அவளுக்கு விருந்தாளிகள் வராமல் இல்லை. முன்வீடு நிரம்பினால் வருவார்கள். கேசாங் அவர்களைத் தானே கூட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வருவாள். "என் தங்கச்சி வீடு, நல்லாப் பாத்துக்குவா" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவாள். யாங்ஜிக்கு வந்தவர்கள் எல்லோரும் கேசாங் கொடுத்து வந்தவர்கள். இருபது வருஷத்தில் ஒரு ஆளாவது நேராகத் தன் கதவைத் தட்டியதுண்டா என்று அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். நினைவுக்கு வந்ததில்லை.

ரொட்டியை அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது முன்வீட்டு விருந்தாளிகள் வெளியே குந்தியிருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த கூட்டம். இந்த முகட்டில் நடக்க வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். வீட்டு மாடிப்படியைத் தவிர எதையும் ஏறிப் பழகாதவர்கள். குரங்குக் குல்லாவும், வாடகைக் கைத்தடியும், லேபிள்கூடப் பிரிக்காத புது பூட்ஸுமாக வந்து இறங்குவார்கள். முதல் நாள் ஏற்றத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள். ஜீப் கிடைக்குமா என்று கேட்பார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் கேசாங் வீட்டுக்கு வந்து விழுவார்கள். மறுநாள் காலையில் ஏதோ பிறந்ததிலிருந்து மலையில் வாழ்ந்தவர்கள் மாதிரி எழுந்து நடந்து போவார்கள்.

அவர்கள் எல்லோரும் இப்போது அழுதுகொண்டிருந்தார்கள். இளைஞர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். மாலபிகா என்ற கனத்த உடம்புக்காரப் பெண்மணி, ஐம்பது தாண்டியவள், ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு யாங்ஜியைப் பார்த்தாள்.

"இது அவங்க செஞ்சதா?"

"மாவு அவளோடது" என்றாள் யாங்ஜி.

மாலபிகா அதை மடியில் வைத்துக்கொண்டு விம்மினாள். "நேத்து என் ரெண்டு காலையும் அவங்க மடியில எடுத்து வச்சு எண்ணெய் தேய்ச்சாங்க. எங்கம்மா போனதுக்கு அப்புறம் யாரும் என் காலத் தொட்டதில்ல."

"அவ எல்லார் காலையும் தேய்ப்பா" என்றாள் யாங்ஜி. சொன்னபிறகு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. ஆனால் மாலபிகா, "ஆமா, எல்லாரையும்" என்று அதையே ஒரு புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு மறுபடி அழுதாள். ஒரே ஒரு சாயங்காலம் பழகியவள். யாங்ஜி தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுப்புப் புகை பட்டும் அது காய்ந்தே இருந்தது.

கூட்டத்தின் கைடு சங்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். இவர்கள் இன்று அடுத்த ஊருக்குப் போக வேண்டும், ஆனால் யாரும் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள், கேசாங் தீதீயை, தங்கள் அக்காவை, வழியனுப்பிவிட்டுத்தான் போவார்களாம், இரண்டு ராத்திரி உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்றான். இடம் இருக்குமா என்று யாராவது அவளிடம் கேட்டு எத்தனை காலம். யாங்ஜி யோசிப்பதுபோலக் கொஞ்சம் நின்றுவிட்டு, இருக்கும் என்றாள்.

நாலு அறையும் நிரம்பியது. சாப்பாட்டு அறையில் இரண்டு பேருக்குப் படுக்கை போட வேண்டியிருந்தது. ரஜாய்ப் போர்வைகள் போதாமல் முன்வீட்டிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வெயிலில் காயவைத்து உதறிய வாசனை அவற்றில் இருந்தது. தன் வீட்டு ரஜாய்கள் ஏன் எப்போதும் ஈரமாகவே இருக்கின்றன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெயிலையும் அந்த மாடி மறைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நடையில் வரிசையாக நின்ற பூட்ஸுகளைப் பார்த்தபோது அவள் மனது ஒரு நிமிஷம் துள்ளியது. உடனே முன்வீட்டுப் பூஜை அறையில் கேசாங் வெள்ளைத் துணி மூடிக் கிடப்பது நினைவுக்கு வந்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

மத்தியானம் மூடுபனி ஏறியபோது கீழ் மடத்து லாமா பழைய லேண்ட் ரோவரில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு வண்டி நிறைய டிரைவர்களும் கைடுகளும் வந்தார்கள். எல்லைக் காவல் முகாமிலிருந்து நாலு சிப்பாய்கள் நடந்து வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டைக் கொண்டுவந்து கேசாங்கின் காலடியில் வைத்தார்கள். குவியல் உயர்ந்துகொண்டே போனது. யாங்ஜி டீ போட்டு ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்தாள். டீ வாங்கியவர்கள் ஒவ்வொருவரும், அக்காவைப் பறிகொடுத்துவிட்டாயே என்று அவளிடமும் ஒரு வார்த்தை சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

லாமா ஒரு மணி நேரம் ஓதி, உயிர் போகும் வழியைத் திறந்துவிட்டார். பிறகு, பன்னிரண்டு மிருகங்களின் பேரில் வருஷங்கள் சுற்றிவரும் திபெத்தியப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, செத்தவளின் வருஷம், நாள், நேரம் எல்லாம் கேட்டுக் கணக்குப் போட்டார். நாளைக் காலையே எரிக்கலாம் என்றார். உடம்பைத் தொட்டுக் கழுவ வேண்டியது புலி வருஷத்தில் பிறந்த பெண். குதிரை வருஷக்காரர்கள் தொடவே கூடாது.

உர்கேன் நிமிர்ந்து யாங்ஜியைப் பார்த்தான். தெண்டுப்பும் பார்த்தான். அவள் புலி வருஷம்.

"வேற யாரும் இல்லையா?" என்று யாங்ஜி கேட்டாள்.

"இருக்கிறவங்கள்ல நீதான்மா" என்றார் லாமா.

சிலிகுரியில் நர்ஸுக்குப் படிக்கும் கேசாங்கின் மகள் பால்மு வந்து சேரட்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். வந்ததும் தாயின் மேல் விழப் போனவளை உர்கேன் பிடித்துக்கொண்டான். அவள் குதிரை வருஷம். கதவு நிலையோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். நோயாளிகளைத் தினமும் தொட்டுத் துடைத்துக் குளிப்பாட்டுகிற பெண், சொந்தத் தாயைச் சித்தி கழுவுவதைத் தூர நின்று பார்த்தாள். யாங்ஜிக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. கேசாங்கிடம் யாருக்கும் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைத்திருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் கூசியது.

வாசனையான தூபி மரத்து இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை உர்கேன் தூக்கிவந்து வைத்தான். யாங்ஜி முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பின்னலை அவிழ்த்தபோது ஒரு நரைகூட இல்லாமல் கருகருவென்று சரிந்தது. தன் காதோரத்து வெள்ளை முடி அவளுக்கு நினைவு வந்தது. சிக்கு எடுக்கச் சீப்பை அழுத்தி இழுத்தாள்.

"சித்தி" என்றாள் பால்மு கதவருகிலிருந்து. "மெதுவா. அம்மாவுக்குத் தலைய இழுத்தா வலிக்கும்."

யாங்ஜியின் கை நின்றுவிட்டது. பிறகு வேரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாள்.

பாவாடையை விலக்கியபோது முழங்கால்கள் இரண்டிலும் பேண்டேஜ் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. அவள் அதைப் பிரித்தாள். முழங்கால்கள் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. யாங்ஜி உர்கேனைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா மாடிப்படி ஏறல" என்றான் உர்கேன். "மேல படுக்கை போடறது, கூட்டறது எல்லாம் நான்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே, அத்தான்."

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னா. முட்டி வலிக்குதுன்னு அழுதுக்கிட்டு வர்றவங்ககிட்ட, நடக்க நடக்கச் சரியாயிடும்னு அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு கேட்டா."

இரக்கம் வரவில்லை யாங்ஜிக்கு. வந்தது வேறு. முப்பதடி தள்ளிப் பின்வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாமல், இந்த வலியைக்கூட அவள் தனக்கென்றே ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாங்ஜிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வீங்கிய முழங்கால்களை அவள் நிதானமாக, பக்கவாட்டில், பின்புறம், எல்லாம் துடைத்தாள். முடித்தபோது தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை மலை துடைத்துவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கேசாங்கை உட்கார்ந்த கோலத்தில் கட்டி, வெள்ளைத் துணி சுற்றி, மரச் சட்டத்தில் வைத்துத் தூக்கினார்கள். எரிக்கிற இடம் ஊருக்கு மேலே, சிவப்பாகப் பூக்கும் குராஸ் மரங்கள் முடிகிற மேட்டில் இருக்கிறது. முன்னால் கொம்பு ஊதிக்கொண்டு லாமாக்கள், பின்னால் ஆண்கள், அப்புறம் பெண்கள். எல்லோருக்கும் கடைசியில் கல்கத்தாக்காரர்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஏறினார்கள். அது அவர்கள் வந்த பாதையைவிடச் செங்குத்து. சங்கே அவர்களை அவசரப்படுத்தவில்லை. முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னும் எவ்வளவு தூரம் என்று அவன் உயிரை எடுத்தவர்கள் இப்போது ஒரு பேச்சு இல்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார்கள். உதிர்ந்த சிவப்புப் பூக்கள் பாதையெல்லாம் வழுக்கின.

பாதி ஏற்றத்தில் மாலபிகா, கேட்காமலேயே, யாங்ஜியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரிய பாரம். யாங்ஜி உதறவில்லை. அந்தக் கைக்குத் தோதாகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

"நீங்க அவங்க கூடப் பொறந்தவங்களா?" என்று மாலபிகா மூச்சுக்கு நடுவே கேட்டாள்.

"இல்ல" என்றாள் யாங்ஜி. "பின்வீடு."

மேட்டில் சிதை மூட்டியதும் முதலில் கருப்பாகவும் பிறகு வெள்ளையாகவும் புகை எழுந்து பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்தது. பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். விருந்தாளிகள் அதற்கும் தள்ளி, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மேலும் கீழும் எத்தனையோ ஊர்களிலிருந்து ஆட்கள் இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். யாங்ஜி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததைக் கடைசியில், விறகு எடுக்க வந்த தெண்டுப்பிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நான் செத்தா இவ்வளவு பேரு வருவாங்களா?"

தெண்டுப் விறகைத் தோளில் ஏற்றிக்கொண்டு புகையைப் பார்த்தான்.

"சீசன்ல செத்தா வருவாங்க" என்றான்.

அவள் அவனை முறைத்தாள்.

"நெஜமாத்தான் சொல்றேன். டிசம்பர்ல செத்துத் தொலச்சிடாத. பனியில நானும் அண்ணனும் ரெண்டு பேராத்தான் தூக்கணும்."

யாங்ஜிக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சால்வையை வாயில் அழுத்திக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த பெண்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பால்மு எழுந்து வந்து, "அழாதீங்க சித்தி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நின்ற பிறகும் யாங்ஜியால் சால்வையை முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் லாமா வீடெல்லாம் தண்ணீர் தெளித்து, முன்வீட்டு அடுப்பைத் தன் கையாலேயே மூட்டிவிட்டார். இனி ஏழு நாளைக்கொரு பூஜை, நாற்பத்தொன்பது நாள்வரை. அது ஒருபக்கம் நடக்கும். ஆட்கள் கலைந்த பிறகு உர்கேன் முற்றத்துக்கு வந்து தம்பியையும் யாங்ஜியையும் உட்காரச் சொன்னான். அவன் ஒரே நாளில் தோள் இறங்கிப் போயிருந்தான்.

"மூடிடலாம்னுதான் நெனச்சேன்" என்றான். "ஆனா சீசன் பாதியில நிக்குது. கைடுங்க எல்லாரும் ஆளுங்கள அனுப்பறதா ஒத்துக்கிட்டுட்டாங்க. எனக்கு மேல் வேலை தெரியும், அடுப்பு வேலை தெரியாது." அவன் யாங்ஜியைப் பார்த்தான். "நீ வந்து முன்வீட்டப் பாத்துக்கறியா? பேருக்கு இல்ல, நெசமாவே. உன் கைல விட்டுடறேன்."

தெண்டுப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்ட என்ன பண்றது, அத்தான்?"

"இங்க ரொம்பிப் போச்சுன்னா அங்க அனுப்பு."

இருபது வருஷமாகக் கேட்டு வந்த பேச்சு. இப்போது அதைச் சொல்லப் போகிறவள் அவள். முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு சரி என்றாள்.

அடுத்த நாள் காலை கல்கத்தாக்காரர்கள் கிளம்பினார்கள். முதுகுப்பைகளை மாட்டிக்கொண்டு, யாங்ஜியின் இரண்டு கையையும் பிடித்து ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். மாலபிகா போனை அவளிடம் நீட்டினாள். தன்னோடு சேர்ந்து படம் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து யாங்ஜி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஆனால் மாலபிகா கேட்டது வேறு. முன்வீட்டு வாசலில் தாங்கள் எல்லோரும் நிற்கிறோம், கதவும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துக் கொடுக்க முடியுமா என்றாள். யாங்ஜி எடுத்துக் கொடுத்தாள். ஒருவர் தலையும் வெட்டாமல், கதவும் தெரிகிற மாதிரி, இரண்டு படம் எடுத்தாள்.

அன்று பகலே அடுத்த கூட்டம் வந்துவிட்டது. இந்தத் தடவை கல்லூரிப் பெண்கள், முதல் முறைக்காரிகள். பாதையின் வளைவிலேயே அவர்களுடைய இரைப்பும் சிரிப்பும் கேட்டது. தலைவாசலில் சரிந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியவர்கள் மலையைப் பார்த்ததும் அடங்கிப் போனார்கள். உர்கேன் மாடியில் படுக்கை தட்டிப் போடும் சத்தம் கேட்டது. யாங்ஜி அவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டு, மூங்கில் தட்டியை விலக்கிக்கொண்டு முதன்முதலாக அந்தச் சமையலறைக்குள் போனாள்.

எல்லாம் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. மாவுத் தகரம், உப்பு, டீத்தூள், கேத்தல். முழங்காலை மடக்காமலேயே எடுக்கும் உயரத்தில் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள் கேசாங். யாங்ஜி விறகைத் தள்ளி நெருப்பை ஊதிவிட்டு, பெரிய பானையில் தண்ணீர் வைத்தாள். நிமிர்ந்தாள்.

அடுப்புக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல் இருந்தது. கண்ணாடியில் ஒரு கை அளவுக்கு மட்டும் கரியைக் கேசாங் துடைத்து வைத்திருந்தாள். அந்த இடத்துக்கு முன்னால் நின்றால், மாவு பிசையும்போதும் ரொட்டி தட்டும்போதும் டீ ஆற்றும்போதும் தலையைத் திருப்ப வேண்டியதே இல்லை. ஜன்னல் மலைப் பக்கம் இல்லை. மலைப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் விருந்தாளிகளின் அறைகளுக்கு வைத்துவிட்டார்கள். இது பின்பக்கம் பார்த்தது.

யாங்ஜியின் முற்றம் முழுக்கத் தெரிந்தது. கொடியில் காயும் துணி தெரிந்தது. நிறம் போன பலகை, திறந்து கிடக்கும் கதவு, சுவரோரம் தெண்டுப் அடித்துப் போட்ட நீளப் பெஞ்சு. மத்தியானத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வெயில் விழும் இடம் அது. விருந்தாளி இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அவளும் அவனும் டீயை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவார்கள். அவன் தலையை அவள் மடியில் போட்டுக்கொள்வான். ஒன்றும் பேச மாட்டார்கள். சில நாள் அப்படியே தூங்கிப் போவார்கள்.

"தீதீ" என்று தட்டிக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? இவளால காலை அசைக்கவே முடியல."

"வச்சிருக்கேன். வர்றேன்" என்றாள் யாங்ஜி.

முற்றத்தில் வெயில் பெஞ்சுவரை வந்துவிட்டது. தெண்டுப் கையில் டீக் கோப்பையோடு வெளியே வந்தான். பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் விழுந்து கிடந்த குராஸ் பூவிதழ்களைக் கையால் தட்டித் தள்ளி, அந்த இடத்தைத் துடைத்துவிட்டான். பிறகு முன்வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தான்.